ஒரே பெட்டியில் போடாதீர்கள்

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "அக்கா, லெப்பர்ட் கெக்கோ பிரீட் பண்ணலாம்னு இருக்கேன், எப்படி ஸ்டார்ட் பண்றது?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஸ்டார்ட் பண்ணாதீங்க. உடனே ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு, "இல்லக்கா, சீரியஸா" என்கிறார்கள். நானும் சீரியஸாகத்தான் சொல்கிறேன். ஜோடி வாங்கிப் போட்டால் குட்டி வரும் என்று நினைக்கிற ஆள் தயவுசெய்து ரோஜாச் செடி வளர்க்கட்டும். செடிக்கு வலித்தால் நமக்குத் தெரியாது. நிம்மதியாக இருக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லெப்பர்ட் கெக்கோ என்பது பல்லி. நம் வீட்டுச் சுவரில் ஓடுவதைவிட நாலு மடங்கு பெரிது, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். சுவரில் ஏறத் தெரியாது, தரையில்தான் நடக்கும். கண்ணுக்கு இமை உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும். வால் மட்டும் கட்டைவிரல் பருமன் இருக்கும். சாப்பிட்டதில் மிச்சமான கொழுப்பையெல்லாம் அது வாலில்தான் சேர்த்து வைக்கிறது. வால் தடியாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வால் மெலிந்தால் கவனிக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. கல்யாணமாகிக் குரோம்பேட்டையில் இருந்தேன். ஒரு நாள், குழம்பில் உப்பு குறைந்ததற்கோ என்னவோ, அவன் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினதில் தோள் போயிற்று. அதற்கு முன்பும் அடித்திருக்கிறான், ஆனால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டி வந்தது அதுதான் முதல் தடவை. கட்டோடு மாடம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அப்பா எப்போதோ இறந்துவிட்டார், வீட்டில் அம்மாவும் நானும்தான். "அவன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மா, "அவர்னு சொல்லுடி" என்று திருத்துவாள். நான் திருந்தவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஓஹோ, மனக்கஷ்டத்தை மறக்கப் பல்லி வளர்த்திருக்கிறாள், பாவம். ஒரு பாவமும் இல்லை. எனக்குப் பல்லி, ஓணான், அரணை எல்லாமே சின்ன வயதிலிருந்து பிடிக்கும். அவன் வீட்டில் ஒரு மீன் தொட்டிகூட வைக்க விடவில்லை. இங்கே வந்த பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, வாங்கினேன். அவ்வளவுதான் விஷயம்.

வாங்கின லட்சணத்தைச் சொல்கிறேன். வனத்துறை விதி என்ன, எதைப் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வீட்டிலேயே கெக்கோ வளர்த்து விற்கிற ஒருவரைப் பார்க்கப் போனேன். ஷிப்டு வேலைக்குப் போகிற ஆள், மாடியில் ஒரு ரூம் முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள். முதலில் ஒன்றை எடுத்துக் காட்டினார். அது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வட்டம் சுற்றியது.

"டான்ஸ் ஆடுது பாருங்க மேடம். பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அது டான்ஸ் இல்லை, நரம்புக் கோளாறு. சில நிற வகைகளில் பரம்பரையாக வருவது. அதை வைத்துக் குட்டி எடுத்தால் குட்டியும் சுற்றும். வேண்டாம் என்றதும் ஒரு ஜோடியைக் காட்டினார். இரண்டும் எங்கிருந்து வந்தவை, தாய் எது, தகப்பன் எது, எத்தனை மாசம், என்ன சாப்பிடுகிறது, வயிற்றுப்போக்கு வந்ததா என்று நான் கேட்கக் கேட்க அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னா மேடம், பொண்ணு பாக்க வந்தா மாதிரி இவ்ளோ கேள்வி கேட்டுகினு கீறீங்க?"

என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் இதில் பாதிக் கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டும் ஒரே தாயின் முட்டைகள் என்று வாயை விட்டார். "பல்லிக்கு இன்னா மேடம் அண்ணன் தங்கச்சி?" என்று வேறு கேட்டார். வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன், பக்கத்தில் அவர் மனைவி டீயோடு நின்றதால் விட்டேன். பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆணை ஆறேழு மாதம் கழித்து, வேளச்சேரியில் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம், பிறப்பு வளர்ப்பு எல்லாம் விசாரித்து வாங்கினேன்.

அதன் பிறகும் உடனே சேர்க்கவில்லை. புதிதாக வருவதைத் தனி அறையில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணுக்கு ஹால், பெண்ணுக்கு என் அறை. பெண்ணுக்கு வயது முதிர வேண்டும், எடை ஏற வேண்டும். சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன், அம்மா அன்றோடு அந்தத் தராசைத் தொடுவதை விட்டாள். தீனியாகப் போடுகிற புழுவுக்குக் கால்சியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் பல்லி முட்டை ஓட்டுக்கு வேண்டியதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கால் வளைந்து கிடக்கும். பிறக்கப்போகிற குட்டி யார் வீட்டுக்குப் போகும் என்பது முட்டை வருவதற்கு முன்பே முடிவாக வேண்டும். என்னோடு லேபில் வேலை செய்கிற ஒருத்தி கேட்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய் கண்ணாடிப் பெட்டியை எங்கே வைப்பாய் என்று பார்த்துவிட்டு வந்தேன். நான் சந்தேகப்படுகிறேன் என்று அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சந்தேகப்பட்டேன்தான், அதற்கென்ன இப்போது?

முட்டையிட ஈரமான தென்னை நார்த்தூள் போட்டு மூடின டப்பா வேண்டும். அம்மாவின் முறுக்கு டப்பாவை எடுத்துப் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன்.

"என் டப்பாவுலயா அதுக்குப் பிரசவம்? நல்லா இருப்பியாடி நீ!"

சேர்த்த அன்று நான் பெட்டியை விட்டு நகரவே இல்லை. ஆண் வால் நுனியை வேகமாக ஆட்டும், பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடிக்கும். அந்தப் பிடி எல்லை மீறினால் பிரித்துவிட வேண்டும். மீறவில்லை. முடிந்ததும் ஆணை எடுத்து ஹாலில் இருக்கும் அதன் பெட்டியில் விட்டேன். ஒரு தடவை சேர்ந்தால் போதும், அதை வைத்தே பெண் பல தடவை முட்டையிடும். ஆண் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. அறை வாசலில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்ற அம்மாவுக்கு இது தாங்கவில்லை.

"அவ்ளோதானா? ஒரு நாளாவது ஒண்ணா இருக்க விட மாட்டியா?"

"விட மாட்டேன். பக்கத்துலயே இருந்தா தொல்லை பண்ணிக்கிட்டே இருக்கும். அதால சாப்பிட முடியாது, தூங்க முடியாது."

"புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வெக்கிறது பாவம்டி."

பெண் இரண்டு முட்டையிட்டது. அவற்றைத் திருப்பாமல், புரட்டாமல், இருந்த வாக்கிலேயே எடுத்துத் தெர்மோகோல் பெட்டியில் சூடு வைத்தேன். முட்டையிட்ட பிறகு பெண்ணைப் பார்க்கச் சகிக்கவில்லை. இடுப்பெலும்பு தெரிந்தது, வால் பாதியாக வற்றிவிட்டது. இந்த வருஷம் இதோடு போதும், இதைத் தேற்றுவதுதான் இனி வேலை என்று முடிவு செய்தேன். ஆணின் வாசனைகூட என் அறைக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

அப்போது ஆடி மாதம். எதிர் ஃபிளாட்டில் புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் அம்மாவிடம், "பாத்தியா, அவங்க ஊரறியப் பிரிச்சு வெக்கிறாங்க. யாரும் பாவம்னு சொல்லலியே" என்றேன்.

"ஒரு மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்கல்ல?" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவோடு எனக்குச் சண்டை இதில்தான். என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் வந்து ஒன்றரை வருஷத்தில் அவள் வாயில் வேறு பேச்சே வரவில்லை. சர்ச்சில் மாதர் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் யாராவது, "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று தேன் தடவிக் கேட்பார்கள். அம்மா முகம் சிறுத்து வீட்டுக்கு வந்து என் மேல் விழுவாள். தோளைக் காட்டினால், "எந்த வீட்டுலதான் இல்ல? கோவத்துல ஒரு தடவை கை நீட்டிட்டாரு, அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கே" என்பாள். வலி என்றால், "கட்டுதான் பிரிச்சாச்சே" என்பாள். நான் பதிலுக்கு விட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெற்றவள் என்று பார்க்கவில்லை, அவள் மட்டும் பெற்ற பெண் என்று பார்த்தாளா?

அந்த ஜெபக்கூட்டத்தில்தான் யாரோ ஒரு மகராசி சொல்லியிருக்கிறாள், ஜோடியைப் பிரித்து வைத்திருக்கிற வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று. அவள் என்னைக் குத்திக் காட்டிச் சொன்னாள். அம்மாவோ அதை அப்படியே பல்லிக்கும் எடுத்துக்கொண்டாள். நான் வீட்டில் ஒரு ஜோடியைப் பிரித்து ஆளுக்கொரு அறையில் வைத்திருப்பதால்தான் என் வாழ்க்கை ஒட்டாமல் கிடக்கிறது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. படித்தவள், அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்ன சொல்வது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஞாயிறன்றுதான் மொத்தமாக வருவார்கள், லேபில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. மதியத்துக்கு மேல் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் வாசல் வரை நெய் வாசனை. அம்மா சர்ச்சுக்குக் கட்டின பட்டுப் புடவையை மாற்றாமல் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யார் வராங்க?"

"யாரும் இல்ல. கை கால் கழுவிட்டு நல்ல டிரஸ்ஸா போடு."

எனக்குப் புரிந்துவிட்டது. முந்திரி வறுத்துப் போட்டுக் கேசரி கிண்டுவது அந்த ஒரு ஆளுக்குத்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது என் அறையிலிருந்து கண்ணாடியில் என்னவோ மோதுகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

பெண்ணின் பெட்டிக்குள் ஆணின் கொட்டாங்குச்சி இருந்தது. ஹால் பெட்டியில் ஆண் பகலெல்லாம் அதற்குள்தான் படுத்துத் தூங்கும். அம்மா ஆணைத் தொடப் பயந்துகொண்டு, கொட்டாங்குச்சியோடு கரித்துணியில் பிடித்துத் தூக்கி வந்து உள்ளே வைத்திருக்கிறாள். பெண் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தது. அதன் கழுத்தில் ஆண் கவ்விப் பிடித்திருந்தது. பெண்ணுக்கு வால் இல்லை. அறுந்த வால் தரையில் விரித்திருந்த காகிதத்தின் மேல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். வாலைப் பார்த்ததும், "ஐயோ ஏசப்பா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்தப் பெட்டிக்கு மரச் சட்டத்தில் இரும்பு வலை அடித்த மூடி, நல்ல கனம். வழக்கமாக வலது கையால் நெம்பி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு அதே கையை உள்ளே விடுவேன். கட்டையைக் காணோம், இவள் எங்கேயோ எடுத்துப் போட்டிருக்கிறாள். மூடியைப் பிடித்தால் கையை உள்ளே விட முடியாது, கையை விட்டால் மூடி விழும்.

"மூடியைப் பிடிம்மா!"

"நீயே தூக்கேன்டி, எனக்கு பயமா இருக்கு."

"தூக்க முடியலம்மா! கை மேல போகல!"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அது நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. அன்றுவரை என் அறை வாசலைத் தாண்டாதவள், நான் எப்படி மூடியைத் திறக்கிறேன், எப்படி ஒற்றைக் கையால் எல்லாம் செய்கிறேன் என்று இத்தனை நாள் பார்த்ததே இல்லை. சமையலறையில் நான் மேல் அலமாரி டப்பாவை எடுக்காததற்குச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆணைப் பிரித்தெடுத்து ஒரு பக்கெட்டில் போட்டு மூடினேன். பெண்ணை உள்ளங்கையில் எடுத்தேன். கழுத்தில் பல் தடம், வால் இருந்த இடத்தில் சிவந்த சதை. ஏற்கெனவே காய்ந்து கிடந்த உடம்பு, சேர்த்து வைத்திருந்த கொஞ்சநஞ்சமும் அந்த வாலில்தான் இருந்தது. அது பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது வால் வளர்ந்தது, நூக்கல் மாதிரி குட்டையாக, உருண்டையாக, புள்ளி வரிசை இல்லாமல். முட்டையில் ஒன்று கெட்டுவிட்டது, ஒன்று பொரிந்தது. அந்தப் பெண்ணை மறுபடி எந்த ஆணோடும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அன்று பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

அம்மா இன்னும் மூடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ரெண்டும் ஜோடிதானேடி? முட்டையெல்லாம் போட்டுச்சே. அப்புறம் ஏன்டி கடிக்குது?"

"முட்டை போட்டா கடிக்காதா?"

"இது ஓடியிருக்கலாமே."

"எங்கம்மா ஓடும்? நாலு பக்கமும் கண்ணாடி. தப்பிச்சு வந்து தனியா இருந்ததைத் தூக்கி அது முன்னாடி போட்டது யாரு? நீதானே! நல்லதுக்குத்தான்னு சொல்லு. சொல்லேன் பாப்போம்!"

அம்மா மூடியை மெதுவாகக் கீழே சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நான் எழவில்லை. அம்மாதான் எழுந்து போனாள். என் அறையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். உள்கதவைத் திறந்தாள், வெளியே இருக்கும் கிரில் கதவைத் திறக்கவில்லை. சபை மூப்பர் ஒருவர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அவன், கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார் மூப்பர்.

"ஸ்தோத்திரம் பிரதர். இன்னிக்கு வேணாம், நீங்க கிளம்புங்க."

"என்ன சிஸ்டர், நீங்கதானே வரச் சொன்னீங்க? பாப்பா ஒத்துக்கிட்டான்னு சொன்னீங்களே."

நான் ஒத்துக்கொண்டேனாம்! எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அது நான் சொன்னது. அவ சொல்லல" என்றாள் அம்மா.

அவன் முன்னால் வந்தான். "அத்தை, கதவைத் திறங்க. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவளுக்கு இடது கை நெஞ்சுக்கு மேல போகல தம்பி."

"இன்னும் அதேதானா? அதெல்லாம் பழைய கதை அத்தை."

"நான் இன்னிக்குத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரைக்கூட உள்ளே வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க என்று சொல்லாமல் அனுப்பாதவள் என் அம்மா. வெளியே மூப்பர் இரண்டு தடவை மணி அடித்துப் பார்த்தார், பிறகு படி இறங்குகிற சத்தம் கேட்டது. அம்மா சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் கேசரி போட்டு எடுத்து வந்து என் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"நீ பண்ணதை நான் மன்னிக்க மாட்டேன்" என்றேன்.

"மன்னிக்க வேணாம், சாப்புடு. ஆறிடும்."

கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தச் சனியனுக்கு மறுபடி மருந்து போடணும்னா ஒத்தைக் கையால மல்லுக்கட்டாத. மூடி தூக்க என்னைக் கூப்புடு."